ஒரு மார்க் யுத்தங்கள்

வந்தவாசி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோரைப்பாய். ஆரணி? பட்டுப்புடவை. செங்கம்? பெங்களூரு போகிற வழியில் பஸ் நிற்கும் ஊர். திருவண்ணாமலையைக் கேட்கவே வேண்டாம். பௌர்ணமி, கிரிவலம், தீபம்.

எல்லாமே சரியான பதில்தான். யாருக்கும் மார்க் குறைக்க முடியாது. ஆனால், இந்த நாலு ஊருக்கும் பொதுவாக இன்னொரு விஷயம் இருக்கிறது. நாலுமே போர்க்களங்கள். 1751-இல் ஆரணி. 1760-இல் வந்தவாசி. 1767 செப்டம்பரில் செங்கம். அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலை. 1782-இல் மறுபடியும் ஆரணி. முப்பத்தோரு வருஷத்துக்குள் குறைந்தது ஐந்து பெரிய சண்டைகள், இன்றைய ஒரே ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள்! இந்தியாவை ஆளப்போவது யார் என்ற கேள்விக்குப் பாதி பதில், நாம் கிரிவலம் வந்துவிட்டு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டிப்போகிற இந்த நிலத்தில்தான் எழுதப்பட்டது.

இந்த ஐந்தில் ஒன்றுக்காவது, 'வாங்க, இங்கேதான் நடந்தது, நின்று பாருங்க' என்று கூட்டிப்போய்க் காட்ட, வரலாறு படித்த, பயிற்சி பெற்ற, அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த ஒரு கைடு உண்டா? இருந்தால் காட்டுங்கள். அவருக்கு நானே மாலை போடுகிறேன்.

நம்மிடம் இருப்பதெல்லாம் ஒரு கேள்வித்தாள்தான். 'வந்தவாசிப் போர் நடந்த ஆண்டு? அ) 1757 ஆ) 1760 இ) 1764 ஈ) 1799.' போட்டித்தேர்வு எழுதும் பையன் 'ஆ'வைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறான். அவ்வளவுதான். அங்கே செத்தவர்களின் மொத்த மதிப்பு ஒரு மார்க். அதுவும் தப்பாக எழுதினால் நெகட்டிவ் மார்க் இருக்குமோ என்பதுதான் அவனுடைய கவலை.

*

பௌர்ணமிதோறும் பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ் பஸ்ஸாக ஜனம் வருகிறது. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் என்று வழி. 1767-இல் ஒரு படை இறங்கி வந்த வழியும் கிட்டத்தட்ட இதேதான்.

முன்னால் வந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித். பின்னால் துரத்தி வந்தவர்கள் மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும். இந்த நிஜாம் அந்த வருஷ ஆரம்பத்தில் கம்பெனியின் கூட்டாளியாகத்தான் மைசூர் மீது படையெடுத்துப் போனார். ஆகஸ்டில் ஹைதரின் பக்கம் வந்துவிட்டார். 1768 பிப்ரவரியில் மறுபடியும் கம்பெனியோடு ஒப்பந்தம். நம்ம ஊர்க் கூட்டணித் தலைவர்கள் அவருடைய படத்தை ஆபீஸில் மாட்டிவைக்கலாம். பதினெட்டே மாதத்துக்குள் ரெண்டு தாவல்!

செப்டம்பர் முதல் வாரம் செங்கம் கணவாயில் மோதல். களம் ஸ்மித் கையில். ஆனால் அவருடைய அரிசி மூட்டைகள் மைசூர்க் குதிரைப்படை கையில். ஜெயித்த படை, ஒரு நாளுக்கும் மேலாகச் சோறில்லாமல் திருவண்ணாமலைக்கு நடந்தது. 'அங்கே அரிசி தயாராக இருக்கும்' என்று ஆற்காடு நவாப் தரப்பில் சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால், சொன்னபடி அரிசி இல்லை. பட்டினிப் படை சுற்றுவட்டாரத்தில் தானியம் தேடி அலைந்தது. தேடி என்பது ராணுவ மொழி. கிராமத்து மொழியில் அதற்கு வேறு பெயர்.

அந்த மாதக் கடைசி வாரம் திருவண்ணாமலைக்கு அருகே பெரிய சண்டை. நடுவில் சதுப்பு நிலம். அதைச் சுற்றிக்கொண்டு தாக்க ஸ்மித் படையை நகர்த்தினார். 'ஆஹா, வெள்ளைக்காரன் பின்வாங்குகிறான்' என்று ஹைதரும் நிஜாமும் துரத்த வந்து, எதிர்பாராத இடத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். நிஜாமின் படைதான் முதலில் கலைந்தது. பீரங்கிகளை விட்டுவிட்டு ஓட்டம்.

அப்போ கம்பெனி ஜெயிச்சிடுச்சா? அதுதான் இல்லை. பின்னால் வந்த கதையில்தான் ருசியே இருக்கிறது. 1769-இல் இதே ஹைதர் அலி, கம்பெனிப் படையைப் போக்குக்காட்டிவிட்டு, சென்னைப் பட்டணத்தின் வாசலுக்கே குதிரைகளோடு வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்த கவுன்சில் கனவான்கள் பதறிப்போய் சமாதானம் பேசினார்கள். 'மெட்ராஸ் உடன்படிக்கை' என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி. நிபந்தனை சொன்னது ஹைதர். கேட்டுக்கொண்டது கம்பெனி. திருவண்ணாமலையில் தோற்றவர் மவுண்ட் ரோட்டில் ஜெயித்தார் என்று சொல்லலாம்.

இந்தக் கதையைத் திருவண்ணாமலை மலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, 'சதுப்பு எப்படிக் கிடந்தது, படை எந்தப் பக்கம் வளைந்தது' என்று கை நீட்டிச் சொல்ல ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும்? ஸ்கூல் பையன் ஜென்மத்துக்கும் மறப்பானா?

*

'அங்கே பார்க்க என்ன சார் இருக்கு? வெறும் நிலம். கடலைக்கொல்லை. நாலு பிளாட் கல்' என்பார்கள்.

அதனால்தான் கைடு வேண்டும் என்கிறேன். கோயிலுக்குக் கைடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 217 அடி ராஜகோபுரம் தானே பேசும். சிற்பம் தானே பேசும். போர்க்களம் ஊமை. அங்கே நிற்கிற மனிதர் பேசினால்தான் உண்டு. போர்க்களத்தில் கைடுதான் கட்டடம்.

இதை மற்ற நாட்டுக்காரர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் என்று ஒரு ஊர். 1863 ஜூலையில் மூன்று நாள் உள்நாட்டுச் சண்டை நடந்த இடம். அங்கே சும்மா தொப்பி போட்டுக்கொண்டு வந்து 'நான் கைடு' என்று சொல்லிவிட முடியாது. 1915-இலிருந்து லைசென்ஸ் முறை. எழுத்துத் தேர்வு. அதில் தேறினால், களத்திலேயே நிற்கவைத்து வாய்மொழித் தேர்வு. எந்த ரெஜிமெண்ட் எந்த வேலியைத் தாண்டியது என்று கேட்பார்கள். ரிட்டயர்டு வாத்தியார்கள், வக்கீல்கள் எல்லாம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பாஸ் செய்தவர், உங்கள் காரிலேயே ஏறிக்கொண்டு, ஸ்டியரிங்கையும் வாங்கிக்கொண்டு, களம் முழுக்கச் சுற்றிக்காட்டுவார்.

பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊர் நுழைவாயிலில், 1928-இலிருந்து தினமும் சாயங்காலம் எட்டு மணிக்கு, முதல் உலகப்போரில் செத்தவர்களுக்காக எக்காளம் ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்திருந்த காலம் தவிர, ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த வாயிலில் செதுக்கியிருக்கும் பெயர்களில் இந்திய சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. பிரிட்டனில் போர்க்களச் சுற்றுலாவுக்கென்றே தனிக் கம்பெனிகள். கூடவே வரலாற்றுப் பேராசிரியர், ரிட்டயர்டு ராணுவ அதிகாரி. பகலில் களம், ராத்திரி லெக்சர். நம்ம ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் அப்படி ஆட்களை அழைத்து வருகிறார்கள். நம் மண்ணில் நடந்த சண்டையை, லட்சக்கணக்கில் பணம் கட்டி, வெள்ளைக்காரரிடம் வெள்ளைக்காரர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். பக்கத்திலேயே நாம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டையே சொல்கிறானே என்று கோபப்படாதீர்கள். உள்நாட்டிலும் உண்டு. திராஸில், எதிரே தோலோலிங் மலை நிற்க, ராணுவ வீரர் ஒருவர் கார்கில் சண்டையை விவரிப்பார். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்காமல் வந்தவர்கள் குறைவு. 2025 ஜனவரியில் மத்திய அரசு 'பாரத் ரணபூமி தர்ஷன்' என்று ஒரு திட்டமே தொடங்கியது. கல்வான், கார்கில், லோங்கேவாலா என்று எல்லைப்புறப் போர்க்களங்களை ஜனங்களுக்குத் திறந்துவிடும் திட்டம். ரொம்ப நல்லது. 1971 வரை திரும்பிப் பார்க்கிற கண்ணுக்கு 1767 மட்டும் ஏன் மறைக்கிறது?

*

நம்மிடமும் கைடுகள் இருக்கிறார்கள். எந்தக் கோட்டைக்குப் போனாலும் நாலே ஐட்டம்தான். ஒன்று, சுரங்கப்பாதை. 'இங்கேருந்து நேரா செஞ்சிக்குப் போவுது சார். உள்ளே போனவங்க யாரும் திரும்பல.' இரண்டு, ராணி குளித்த இடம். மூன்று, கைதட்டினால் எதிரொலிக்கும் இடம். நான்கு, புதையல். தமிழ்நாட்டுக் கைடுகள் சொல்கிற சுரங்கப்பாதைகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்தால், மெட்ரோ ரயில் கம்பெனி கடையை மூடிவிட்டுப் போகலாம்.

அந்த மனிதர்களை நான் கிண்டல் செய்யவில்லை. அவர்களுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? மாதச் சம்பளம் யார் கொடுத்தார்கள்? நூறு, இருநூறு ரூபாய்க்குச் சுரங்கப்பாதை சொன்னால்தான் நாம் வாயைப் பிளக்கிறோம். 'இதற்கு ஆதாரம் இல்லை சார்' என்று நேர்மையாகச் சொன்னால் பத்து ரூபாய்கூடத் தரமாட்டோம். இன்னொரு பக்கம், எம்.ஏ. வரலாறு படித்த பிள்ளைகள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறார்கள். கதை சொல்ல ஆள் இல்லாத களம் ஒருபுறம், வரலாறு படித்துவிட்டு வேலையில்லாத ஆள் மறுபுறம். இரண்டையும் சேர்த்துவைக்க ஐ.ஏ.எஸ். மூளை வேண்டாம். கல்யாணத் தரகர் மூளை போதும்.

*

'போனால் போகட்டும், பழைய சண்டைதானே' என்று விட்டுவிடலாம்தான். ஆனால் காலி இடம் காலியாகவே இருக்காது. அதை வாட்ஸ்அப் நிரப்பும். நிரப்பிக்கொண்டிருக்கிறது.

ஒரு ஃபார்வர்டில் ஹைதரும் திப்புவும் கோயில்களை அழிக்கவே பிறந்தவர்கள். அடுத்த ஃபார்வர்டில் அவர்கள் களங்கமே இல்லாத சுதந்திரப் போராட்ட வீரர்கள். இரண்டையும் எழுதியவர்கள் செங்கம் கணவாயில் ஒரு அரைமணி நேரம் நின்றதில்லை. நின்று, யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று எண்ணிப்பார்த்திருந்தால் எழுத முடியாது.

எண்ணுவோமா? மைசூர் பக்கம் இந்துக்களும் முஸ்லிம்களும். கம்பெனி பக்கம்? சிவப்புச் சட்டை போட்டுச் சுட்டவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் தமிழர்கள், தெலுங்கர்கள், முஸ்லிம்கள். அவர்கள் யாருக்காகச் சண்டை போட்டார்கள்? பெயருக்கு, ஆற்காடு நவாப் முகமது அலி என்ற முஸ்லிமுக்காக. எதிரே நிஜாம், இன்னொரு முஸ்லிம். இதில் எங்கே இருக்கிறது மதச் சண்டை? எங்கே இருக்கிறது 'நாம் – வெள்ளைக்காரன்' சண்டை? இருபுறமும் அரிசி சுமந்த மாட்டுவண்டிக்காரன் நம்மவன். இருபுறமும் அரிசி பறிகொடுத்தவனும் நம்மவன்.

கோயில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாமலையார் கோயில் மதிலைப் பாருங்கள். அந்த உயரமும் கனமும் பார்த்தால் எந்தத் தளபதிக்கும் ஆசை வரும். 1753-க்கும் 1790-க்கும் இடையில் அது திரும்பத் திரும்ப முற்றுகையிடப்பட்டது. ஒரு சமயம் பிரெஞ்சுக்காரர், ஒரு சமயம் ஆங்கிலேயர், ஒரு சமயம் மைசூர்க்காரர். சிதம்பரமும் ஸ்ரீரங்கமும் அந்தக் காலத்தில் இப்படித்தான் கோட்டையாகப் பயன்பட்டன. கோயிலைக் கோட்டையாக்கியதில் எல்லாத் தரப்புக்கும் பங்கு உண்டு. இதை ஒரு நல்ல கைடு, அந்த மதிலடியில் நின்று, பத்து நிமிஷத்தில் புரியவைத்துவிடுவார். ஆயிரம் ஃபார்வர்டுக்கு அது ஒரு தடுப்பூசி.

வந்தவாசியிலும் இதே கதைதான். 1760 ஜனவரி 22. ஆங்கிலப் படைக்குத் தலைவர் அயர் கூட். அயர்லாந்துக்காரர். பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் லாலி. அவருடைய அப்பாவும் அயர்லாந்துக்காரர்! உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்த ஐரிஷ் ரத்தம் ரெண்டு, நம்ம ஏரிக்கரையில் நின்று, இந்தியா இங்கிலாந்துக்கா, பிரான்ஸுக்கா என்று தீர்த்துக்கொண்டது. பிரெஞ்சுப் படையின் ஒரு ஓரத்தில் வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறியது. அதோடு அந்தப் பக்கம் சரிந்தது. புஸ்ஸி என்ற பெரிய தளபதி பிடிபட்டார். மறு வருஷம் ஜனவரியில் பாண்டிச்சேரியே விழுந்தது. லாலியை பிரான்ஸுக்குக் கொண்டுபோய், துரோகி என்று குற்றம் சாட்டி, 1766-இல் தலையை வெட்டினார்கள். அவருக்காகப் பின்னால் வாதாடியவர்களில் ஒருவர் வால்டேர். வந்தவாசி ஏரிக்கரையில் ஆரம்பித்த கதை, பாரிஸ் கொலைமேடையில் முடிகிறது. சினிமாக்காரர்கள் காதில் விழட்டும்.

ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. அன்றைக்கு இரு தரப்புச் சிப்பாய்களும் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்த்தார்களாம். முடிந்ததும் கம்பெனி சிப்பாய்த் தலைவர்கள் வந்து, 'இப்படியொரு சண்டையைப் பார்க்கக் கொடுத்து வைத்ததே' என்று கூட்டுக்கு நன்றி சொன்னார்களாம். சொன்னார்களா? சொன்னதாக எழுதிக்கொண்டார்களா? சொல்லியிருந்தால், எந்த மனநிலையில் சொன்னார்கள்? சம்பளம் பாக்கி இருந்திருக்குமோ? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்தான் கைடு. கதையை ஒப்பிப்பவர் அல்ல, கதையைச் சந்தேகப்படவும் கற்றுக்கொடுப்பவர். ஆங்கிலேயர் எழுதியது உண்டு, பிரெஞ்சுக்காரர் எழுதியது உண்டு, பாரசீகத்தில் எழுதியது உண்டு. தமிழிலும் உண்டு, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736-இலிருந்து கால் நூற்றாண்டு எழுதியவர், பாண்டிச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்னால் கண்ணை மூடினார். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச, படித்த ஆள்தான் வேண்டும்.

*

நான் படித்தது பி.காம். அதனால் எந்த யுத்தத்தைப் பார்த்தாலும் 'பில் யார் பேருக்கு?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். கர்நாடக யுத்தங்களில் பில், ஆற்காடு நவாப் பேருக்கு. கம்பெனி சண்டை போடும். செலவு நவாப் கணக்கில் பற்று. நவாபிடம் பணம் ஏது? கடன். யாரிடம் கடன்? அதே கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடம், தனிப்பட்ட முறையில், கொழுத்த வட்டிக்கு. பால் பென்ஃபீல்டு என்று ஒருவர் இதிலேயே கோடீஸ்வரர் ஆனார். கடனுக்கு ஈடு? நம்ம ஊர் நிலவரி. ஆக, செங்கத்திலும் ஆரணியிலும் வெடித்த ஒவ்வொரு குண்டுக்கும், அசலும் வட்டியுமாக, உழவன்தான் கட்டினான். அவன் நிலத்தில் சண்டை, அவன் அரிசி கொள்ளை, அவன் வரியில் வட்டி.

1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் எழுந்து, ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் கிழித்தார். பேச்சு புகழ்பெற்றது. வட்டி நிற்கவில்லை. நடுவில் 1780-களின் தொடக்கத்தில், போரும் பஞ்சமும் சேர்ந்து இந்தப் பகுதியையே சுடுகாடாக்கியது. 1801-இல் கம்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டது. பேலன்ஸ் ஷீட் டேலி!

இன்றைக்குக் கடனில் மூழ்குகிற நாடுகளைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோமே, அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் நம்ம மாவட்டத்தில் இருக்கிறது. பி.காம். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் கடைசி பெஞ்சில் தூங்கியிருக்க மாட்டேன்.

*

எதிர்ப்புகளைக் கேட்போம்.

'மனுஷன் செத்த இடத்தைச் சுற்றுலா விடுவதா? போரைப் புகழ்வதா?' நியாயமான பயம். ஆனால் போரைப் புகழ்கிறவன் களத்துக்குப் போகமாட்டான். அவனுக்குச் சினிமா போதும். களத்தில் நின்று, பட்டினிப் படை எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தது என்று கேட்டவனுக்கு வீர வசனம் வராது.

'வெள்ளைக்காரன் ஜெயித்ததை நாம் ஏன் நினைக்கணும்?' நினைக்காவிட்டால் அவன் தோற்றுவிடுவானா? காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் 1780 செப்டம்பரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைத் தவிடுபொடியாக்கினார்கள். கம்பெனி வாங்கிய மிகப்பெரிய அடிகளில் ஒன்று. அந்த வெற்றியையாவது நினைத்தோமா? அதை திப்பு சுவரில் ஓவியமாக வரையவைத்தார். அந்த ஓவியத்தின் ஒரு பழைய பிரதி, 2022-இல் லண்டனில் 6 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போனது. படத்துக்கு அவ்வளவு விலை. நிலத்துக்கு நாம் கொடுத்த விலை, ஒரு மார்க்.

'ஜனங்க வரமாட்டாங்க சார்.' யார் சொன்னது? 2023-இல் கீழடி அருங்காட்சியகம் திறந்தபோது வரிசை கட்டி நின்றது யார்? 2022-இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்ததும் சோழர் சுற்றுலா என்று பஸ் விட்டது யார்? 2025-இல் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது அது ஒன்றுதான். திருவண்ணாமலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். செஞ்சிக்கு வருகிறவனை செங்கம் வரை கூட்டிவரத் தெரியாதா?

'பணம்?' இதோ என் கணக்கு. 40 சீட் பஸ். தலைக்கு 650 ரூபாய். வரவு 26,000. பஸ் வாடகை 14,000. கைடு சம்பளம் 3,000. மதியச் சாப்பாடு 4,800. வரைபடம், கையேடு 1,200. செலவு 23,000. கையில் 3,000. காலையில் வந்தவாசி, மதியம் ஆரணி, வெயில் தாழ செங்கம், இருட்டுவதற்குள் திருவண்ணாமலை. பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் விடுங்கள். லாட்ஜ்காரர்களும் ஆட்டோக்காரர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

*

கடைசியாக, வெட்கப்பட வேண்டிய விஷயம்.

கைடு என்பது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். சங்கப் பாட்டான மலைபடுகடாம் என்ன? 583 அடிகளில் ஒரு கைடு புத்தகம். எந்த ஊருக்கு? செங்கண்மாவுக்கு. அதாவது இதே செங்கத்துக்கு! நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர்களுக்கு, எங்கே வழுக்கும், எங்கே பாம்பு, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வழி சொல்கிறது. போகிற வழியில், சண்டையில் செத்தவர்களின் பெயர் பொறித்து நட்ட கற்கள் நிற்கும் என்பதையும் மறக்காமல் சொல்கிறது.

அந்தக் கற்கள் வெறும் கவிதை அல்ல. செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். தமிழக தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டது. எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவன் காலம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கச் செத்தான். அவனோடு நின்று திருடர்களைக் கடித்த நாய்க்கும் அந்தக் கல்லில் உருவம் உண்டு. பெயரும் உண்டு. கோவிவன்.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால், நாயின் பெயரைக்கூட மறக்கக் கூடாது என்று நினைத்த ஊர் இது. அதே ஊரில், 1767-இல் செத்த மனிதர்களில் ஒருவன் பெயரையாவது உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. சுற்றுலாத் துறையால் முடியுமா?

சுற்றுலாத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் சேர்த்தே கேட்கிறேன். கோடிக்கணக்கில் மணிமண்டபம் வேண்டாம். அமைச்சர் படம் போட்ட வளைவும் வேண்டாம். வரலாறு படித்த பத்துப் பேரைத் தேர்வு வைத்து எடுங்கள். ஆறு மாதம் சம்பளம் கொடுத்துப் படிக்கவிடுங்கள். களத்திலேயே நிற்கவைத்துக் கேள்வி கேளுங்கள். சுரங்கப்பாதை சொன்னால் ஃபெயில். சாதிப் பெருமை பேசினால் ஃபெயில். 'இதற்கு ஆதாரம் இல்லை' என்று சொன்னால் கூடுதல் மார்க். தேறியவர்களுக்கு லைசென்ஸும் ஒரு பஸ்ஸும் கொடுங்கள். நாலு ஊரிலும் ஆளுக்கொரு கல் நடுங்கள். தமிழில், யார் யாரோடு மோதினார்கள், யார் தோற்றார்கள், பில் யார் கட்டினார்கள் என்று நாலு வரி போதும்.

அதுவரை, அடுத்த பௌர்ணமிக்கு அந்த வழியாக வருகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். சிங்காரப்பேட்டை தாண்டியதும் பக்கத்து சீட்டில் தூங்குகிற பையனை எழுப்புங்கள். 'இந்தக் கணவாய் வழியாக ஹைதர் அலி வந்தார்டா' என்று ஆரம்பியுங்கள். செங்கம் வருவதற்குள் கதை முடிந்துவிடும்.